அடை கருகின கதை

கொடுங்கம்மா, அந்தச் சீவுற தகட்ட இப்படிக் கொடுங்க. அடைக்கு உருளைக்கிழங்க நான் சீவுறேன். சும்மா உக்காருன்னு சொன்னா எனக்கு எங்க பாக்கிறதுன்னே தெரியாது. கையில ஒரு கிழங்கு இருந்தா கிழங்கப் பாத்துக்கிட்டே பேசலாம்.

இல்லம்மா, விரல்ல படாது. பட்டாலும் என்ன, ஹனுக்காப் பண்டிகை வந்தா நம்ம யூதப் பொம்பளைங்க யாருக்கு விரல் முட்டி முழுசா இருக்கு?

என்னது? அம்மான்னு கூப்பிட வேணாமா? ஐயோ, ஊருக்கே சட்டம் சொல்ற ரபி வீட்டம்மாவ வேற எப்படிக் கூப்பிடுறது? அக்கான்னா? சரிங்க. சரிங்கக்கா. வாய்க்குள்ள வர மாட்டேங்குது, ரெண்டு தடவை சொன்னா வந்துரும்.

இந்தக் கூடை பத்தாது பாருங்க. உள்ள தீர்ப்புச் சொல்ல உக்காந்திருக்கிற மூணு பெரியவங்களும் மெழுகுவத்தி ஏத்துற வரைக்கும் இருந்தாங்கன்னா அடை தின்னாமப் போக மாட்டாங்க. அந்தத் தாடிக்காரர் ஒருத்தருக்கே ஒரு சட்டி வேணும். எந்தத் தாடியா? ஆமா, மூணு பேருக்கும் தாடிதான். அந்த அகலத் தாடி.

ஐயய்யோ, கதவு சாத்தித்தானே இருக்கு? நான் பேசுறது உள்ள கேக்காதுல்ல? இப்ப யாரு பேசுறது, வண்டிக்கார பாரூக் பெரியப்பாவா? அப்ப நமக்கு நேரம் இருக்கு. அவரு ஒரு சேதி சொல்லணும்னா குதிரைய வாங்குன கதையில இருந்து ஆரம்பிப்பாரு.

நான் இவ்வளவு பேசுற ஆளு இல்லக்கா. ஊர்ல யார வேணாலும் கேளுங்க, ஸ்லாத்தாவா, அவளுக்கு வாயிருக்கான்னு கேப்பாங்க. படிப்பும் பெருசா இல்ல. ஜெபப் புத்தகத்துல எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். எங்க வீட்ல பேசுறதுக்குன்னே ஒருத்தர் இருந்தாரு. என் பங்கையும் சேத்து அவரே பேசித் தீத்துட்டாரு.

நீங்க இந்தக் கோடையிலதான வந்தீங்க, அவரப் பாத்திருக்க மாட்டீங்க. நப்தலின்னு பேரு. கல்யாணத்துல விகடம் பண்றவரு. உங்க கல்யாணத்துக்கும் ஒருத்தர் வந்திருப்பாருல்ல? முக்காடு போடுறதுக்கு முன்னாடி பொண்ண நாற்காலியில உக்கார வச்சு, உங்கம்மா மடி போச்சேடி கண்ணு, உன் சின்ன வயசு போச்சேடி கண்ணுன்னு ராகம் இழுத்து அழ வைப்பாங்களே. அப்புறம் சாப்பாட்டு நேரத்துல பெஞ்சு மேல ஏறி நின்னு அத்தனை பேரையும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்க வைப்பாங்களே. அதுதான் அவரு பொழப்பு. அழவும் நான்தான் வேணும், சிரிக்கவும் நான்தான் வேணும், கூலி மட்டும் ஒண்ணுதான்னு சொல்லுவாரு. நிஸ்தர் ஆத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவருக்காகக் கல்யாணத்தத் தள்ளி வச்சவங்க இருக்காங்க.

ஹனுக்கான்னா எட்டு ராத்திரியும் கேக்கவே வேணாம். இன்னிக்கு ஒரு வீட்ல கூப்பிடுவாங்க, நாளைக்கு ஒரு வீட்ல. ஏத்துற ஒவ்வொரு மெழுகுவத்திக்கும் ஒரு கதை சொல்லணும். ஒண்ணு சொல்லட்டா? எனக்குச் சொல்ல வராதுக்கா. முடிவு முன்னாடி வந்து நிக்கும். சரி, சிரிக்காதீங்க, சொல்றேன். அட, சிரிக்கத்தான சொல்றேன்.

ஒரு ஏழை மனுசன் ஜெபக்கூடத்துல நின்னு வேண்டிக்கிறானாம். ஆண்டவரே, அந்தக் காலத்துல கோயில் விளக்குல ஒரு நாளைக்குக் காணுற எண்ணெய எட்டு நாள் எரிய வச்சீங்க, ரொம்ப சந்தோசம். எங்க மாமியாரும் ஒரு நாள் தங்கிட்டுப் போறேன்னுதான் வந்தாங்க, இன்னிக்கு எட்டாவது நாள். போதும் ஆண்டவரே, அதிசயத்த நிறுத்திக்கங்க.

சிரிச்சிட்டீங்க! நெசமாவே சிரிச்சிட்டீங்க. நான் சொல்லி ஒருத்தர் சிரிச்சது இதுதான் முதல் தடவை. எங்க ஹின்டா, என் மக, உம்முன்னு உக்காந்திருப்பா. அப்பா மாதிரி சொல்லும்மாங்கிறா. அவளுக்கு அப்பா முகம் மறந்துபோச்சு, கல்யாணத்துல அவரு கதை சொன்ன விதம் மட்டும் மறக்கல. சின்னவனுக்கு அதுவும் கிடையாது. அவன் பொறந்ததே அவருக்குத் தெரியாதுல்ல.

இன்னொண்ணு சொல்றேன், இது சின்னது. மெழுகுவத்திய ஜன்னல்ல வைக்கிறோம்ல, தெருவுல போறவங்க கண்ணுல அதிசயம் படணும்னு. அப்படி ஒரு பணக்காரர் வீட்ல வச்சாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு பிச்சைக்காரன் வந்து கதவத் தட்டுனான். ஐயா, உங்க அதிசயம் தெருவரைக்கும் நல்லாத் தெரியுது. பின்னாடி மேசையில வறுத்த வாத்தும் தெரியுது. அதையும் கொஞ்சம் ஊருக்குப் பரப்பக் கூடாதான்னு கேட்டானாம்.

இதத்தான் நான் செலிக்குகிட்டச் சொன்னேன். செலிக்கத் தெரியும்ல? சோப்புக் காய்ச்சுறவரு. பொண்டாட்டி தவறிப்போய் தனியா இருக்காரே, அவருதான். ரெண்டு வார்த்த பேசணுமேன்னு, தைரியத்த வரவழைச்சுக்கிட்டு இந்தக் கதையச் சொல்றேன், மனுசன் சிரிக்கவே இல்ல. தாடியத் தடவிக்கிட்டு யோசிக்கிறாரு. அவங்க திரைச்சீலை போட்டிருக்கலாமேங்கிறாரு! எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல. மறுநாள் காலையில விறகு கொண்டுவந்து போட்டாரு. போட்டுட்டு வாசல்லயே நிக்கிறாரு. என்னன்னேன். ராத்திரி பூரா யோசிச்சேன் ஸ்லாத்தா, திரை போட்டா மெழுகுவத்தியும் தெரியாமப் போயிரும், வாத்தத்தான் வேற ரூம்ல வச்சிருக்கணும்னாரு.

நீங்க சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, நான் சொன்ன ஒரு வார்த்தைய ராத்திரி பூரா வச்சுக்கிட்டு இருந்திருக்காரு ஒரு மனுசன்.

அவரு கிட்ட வந்தா கொழுப்பு நாத்தம்தான் அடிக்கும், சோப்பு வாசனை விக்கிற எடத்துலதான வரும். எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது, ஆனா சாயங்காலம் ஆனா வீட்ல இருப்பேன்னாரு. அதத்தான் சொன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் வீட்ல இருப்பேன்.

கண்ணா? வெங்காயம் இல்லக்கா, நீங்க இன்னும் எடுக்கவே இல்லையே. இது சும்மா. அடுப்புப் புகை.

நப்தலி வீட்ல இருந்த நாள்லயும் வீட்ல இருந்த மாதிரி இருக்காதுக்கா. வெளிய அத்தனை பேச்சு பேசிட்டு வருவாரா, வீட்டுக்குள்ள காலடி வச்சதும் கடை சாத்துன மாதிரி ஆயிரும். தொப்பியக் கழட்டுவாரு, சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காருவாரு. நானும் பேச மாட்டேன், அவரும் பேச மாட்டாரு. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க, உனக்கென்னடி, தினமும் வீட்டுக்குள்ள கல்யாணம்தான்னு கிண்டல் பண்ணுவாங்க. நான் என்னத்தச் சொல்ல? சிரிச்சு வைப்பேன். அவரு மேல எனக்குக் கோவம் வந்ததில்ல. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துட்டு வந்த பாத்திரத்துல அடியில என்ன இருக்கும்?

அப்புறம் அந்த ஆறு. ரபி சொல்லியிருப்பாரே. போன வருசத்துக்கு முந்தின குளிர்காலம், அக்கரையில ஒரு கல்யாணம். ஆறு கட்டியா உறைஞ்சு கெடந்துச்சு, சறுக்கு வண்டியில போனாங்க, இவரும் ரெண்டு பிடில்காரங்களும். நடு ஆத்துல ஐஸ் விட்டுருச்சு. பிடில்காரங்களக் கரையில எடுத்தாங்க, ஒருத்தருக்கும் உயிரில்ல. இவரு கிடைக்கவே இல்ல. அப்ப சின்னவன் யோஸ்லு என் வயித்துல.

ஆள் கிடைக்கலேன்னா நம்ம சட்டம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். கண்ணுக்கெட்டாத தண்ணி கொண்டுபோனவன் செத்தவனும் இல்ல, இருக்கிறவனும் இல்ல. நான் விதவையும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல. அந்த வருசம் ஹனுக்கா வந்தப்ப எனக்கு ஒரு சந்தேகம். வெளியூர் போன புருசனுக்காக வீட்ல பொண்டாட்டி ஏத்துனா அவனுக்கும் சேத்துதான கணக்கு? அப்ப நான் அவருக்கும் சேத்து ஏத்துறேனா, எனக்கு மட்டும் ஏத்துறேனா? உங்களுக்கு முன்னாடி இருந்த வயசான ரபிகிட்டப் போய்க் கேட்டேன். அவரு தலையச் சொறிஞ்சாரு. ஏத்தும்மா, ஏத்து, கேள்வி கேக்காதன்னுட்டாரு.

இப்ப வண்டிக்கார பாரூக் பெரியப்பா வந்து, அந்த வசந்த காலத்துலயே ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு மீன்காரன் குப்பத்துல கரை ஒதுங்குன உடம்பப் பாத்தேன், நப்தலிதான், முகத்தப் பாத்தேன்னு சொல்றாரு. இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னா, யாரும் கேக்கலையேங்கிறாரு. பொய் சொல்ற ஆள் இல்லக்கா அவரு. மனசு தங்கம். கண்ணுதான் கொஞ்சம் மட்டு. போன மாசம் எங்க வாசல்ல கட்டிப் போட்டிருந்த ஆட்டப் பாத்து, என்ன ஸ்லாத்தா, சவுக்கியமான்னு கேட்டுட்டுப் போனாரு. ஆடும் பதில் சொல்லல, நானும் சொல்லல. எனக்கு வெக்கம்.

ஆமா, தெரியும். இன்னிக்குத் தீர்ப்பு. பெரியவங்க பாரூக் சொல்றத ஏத்துக்கிட்டாங்கன்னா நான் விதவை. வேற கல்யாணம் பண்ணிக்கலாம். செலிக்கு வெளிய பனியில வண்டியில உக்காந்திருக்காரு, எட்டிப் பாருங்க. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கிறாரு. எப்படி முடிஞ்சாலும் உன்ன வீட்ல கொண்டுபோய் விடணும்ல, அதுக்குத்தான் வந்தேங்கிறாரு.

இதுவரைக்கும் எல்லாம் ஊருக்குத் தெரிஞ்சதுதான். நான் அடுக்களைப் பக்கமா உங்களத் தேடி வந்தது வேற ஒண்ணுக்கு.

வியாழக்கிழமை சந்தைக்கு நூல் வாங்கப் போனேன். வெளியூர் மூட்டைக்காரர் ஒருத்தர், பொத்தான், ஊசி, நாடா விக்கிறவரு, கூட்டம் சேக்க ஹனுக்காக் கதை சொல்லிட்டிருந்தாரு. எனக்குச் சிரிப்புக் கதைன்னா கால் நின்னுரும், பழக்கம். ஓரமா நின்னேன். அவரு ஆரம்பிச்சாரு. ஒரு ஊர்ல ஒரு புது மருமக. ஊமையோன்னு ஊரே சந்தேகப்படுற அளவுக்கு வெக்கம். புருசன் வீட்ல முதல் ஹனுக்கா. மெழுகுவத்தி எரியுற நேரம் நம்ம பொம்பளைங்க கையில வேலை எதுவும் தொடக் கூடாதுல்ல? மாமியார் சட்டி நெறைய அடையப் போட்டுட்டு, மெழுகுவத்தி ஏத்துறதப் பாக்க வந்தவங்க அப்படியே மறந்துட்டாங்க. அடுப்படி வாசல்ல மருமக. அடை கருகுறது அவளுக்குத் தெரியுது. எழுந்து சட்டிய இறக்குனா வேலை செஞ்சதா ஆயிரும். சத்தம் போட்டுச் சொல்லலாம்னா மாமனார் இருக்காரு, விருந்தாளிங்க இருக்காங்க, வாய் தொறக்க மாட்டேங்குது. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்தே இருக்கா. புகை கெளம்பி வீடே இருட்டாகுது. விருந்தாளிங்க தெருவுக்கு ஓடுறாங்க, தெருவுல இருந்தவங்க வாளித் தண்ணியோட உள்ள ஓடி வர்றாங்க. நடுப் புகையில அவ மட்டும் உக்காந்திருக்கா. ஏண்டி பாவி, சட்டிய எறக்குறதுக்கென்னன்னு மாமியார் கத்துறாங்க. அவ ஒரே ஒரு விரல நீட்டி ஜன்னலக் காட்டுறா. மெழுகுவத்தி இன்னும் எரிஞ்சுட்டுதான் இருக்கு.

சந்தையே சிரிக்குது. நான் நூல்கண்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்தப் பொண்ணு நான்தானக்கா.

அது எங்க மாமியார் ஊர்ல நடந்தது. அடை கருகுன கதை அந்தத் தெருவுல நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லேங்கல. ஆனா மூட்டைக்காரர் அதோட நிறுத்தல. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் புருசன்காரன் பூனை மாதிரி எழுந்து போய்க் கருகுன அடை அத்தனையும் தின்னுட்டானாம். காலையில அம்மா அத எடுத்து வச்சுக்கிட்டுப் போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் மருமகளோட சமத்தக் காட்டக் கூடாதுன்னு. விடிஞ்சதும் கரிப் பல்லோட, அடையா? எந்த அடைம்மான்னு கேட்டானாம்.

இது யாருக்குக்கா தெரியும்? நப்தலிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்ல அவரு வாய் தொறந்து சொன்ன ஒரே கதை இதுதான். வருசா வருசம் முதல் மெழுகுவத்தி ஏத்துனதும், நான் வேலையில்லாம உக்காந்திருப்பேன்ல, பக்கத்துல வந்து உக்காந்து மெதுவா எனக்கு மட்டும் சொல்லுவாரு. கல்யாணத்துல சொல்ல மாட்டாரு. இது உன்னோடது ஸ்லாத்தா, இத நான் விக்க மாட்டேம்பாரு. எனக்கு நகையே அதுதான்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? மூட்டைக்காரர் மூட்டையக் கட்டுற வரைக்கும் நின்னேன். அப்புறம் அவரு பின்னாடியே போய், அந்நிய ஆம்பளைகிட்ட, ஐயா, அந்தக் கதைய எங்க கேட்டீங்கன்னு கேட்டேன். நான் கேட்டேங்கா!  அவரு சந்தோசமாச் சொன்னாரு. பெல்ட்ஸியில ஒரு கல்யாணத்துலம்மா, இப்பதான், கூடாரப் பண்டிகை முடிஞ்ச கையோட. விகடம் பண்றவன் ஒருத்தன், ஒல்லியா இருப்பான், கண்ண மூடிக்கிட்டுதான் கதை சொல்றான், சிரிப்பு வர்ற இடத்துல ஒத்தைக் கண்ண மட்டும் தொறந்து பாப்பான், பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பேன்னாரு.

ஒத்தைக் கண்ணு. வேற யாருக்கா அப்படிப் பண்றது?

பெல்ட்ஸி எங்க இருக்கு சொல்லுங்க. காலையில ரயில் ஏறுனா மத்தியானம் எறங்கிரலாம். கடலுக்கு அந்தப் பக்கம்னா கூட மனசு ஒத்துக்கும்.

எந்திரிக்காதீங்க, உக்காருங்கக்கா. கிழங்கு இன்னும் பாதி இருக்கு. நீங்க பயப்படுறது புரியுது. நான் மறைக்கப் போறதில்ல. புருசன் உசுரோட இருக்கிறது தெரிஞ்சுக்கிட்டே இன்னொருத்தர் வீட்டுக்குப் போனா, அங்க பொறக்கிற பிள்ளையோட தலையெழுத்து என்னன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு நம்ம சனத்துல யாரும் பொண்ணு கொடுக்க மாட்டாங்க, எடுக்க மாட்டாங்க, அதோட பிள்ளைக்கும் மாட்டாங்க. அத நான் செய்ய மாட்டேன். உள்ள போய்ச் சொல்லத்தான் போறேன். அவங்க பெல்ட்ஸிக்கு ஆள் அனுப்புவாங்க. நப்தலி எனக்குக் கல்யாண விலக்குச் சீட்டுக் கொடுத்தாலும் கொடுப்பாரு, கொடுக்காம இன்னொரு ஊருக்குப் போனாலும் போவாரு. அதுவரைக்கும் செலிக்கு எத்தனை விறகு கொண்டுவந்து போடுவாரு, பாவம். வியாழக்கிழமையில இருந்து இத யோசிச்சு முடிச்சாச்சு. அதுல எனக்குக் குழப்பமே இல்ல.

எனக்குப் பயம் வேறக்கா. சொல்லணும்னா எதச் சொல்லுவேன்? சாட்சியா? காகிதமா? என்கிட்ட இருக்கிறது அந்தக் கதைதான். மூணு ஆம்பளைங்க முன்னாடி நின்னு, ஒரு ஊர்ல ஒரு புது மருமகன்னு ஆரம்பிச்சு, அடை கருகி, வாளித் தண்ணி வந்து, கரிப் பல்லு வரைக்கும் நானே சொல்லணும். சிரிப்புக் கதைதான, அவங்க சிரிப்பாங்க. ரபி நல்லவரு, அடக்கிக்கிட்டுப் பாப்பாரு, ஆனா சிரிச்சிருவாரு. அந்த அகலத் தாடி சத்தியமாச் சிரிப்பாரு. கரிப் பல்லு வரைக்கும் சிரிச்சாக் கூட நான் தாங்கிக்குவேன். முடிவுதான்.

ஆமா, இன்னும் இருக்கு. சந்தையில மூட்டைக்காரர் கரிப் பல்லுக்கு அப்புறமும் ஒண்ணு சொன்னாரு. என்கிட்டச் சொன்னப்பல்லாம் நப்தலி கதைக்கு அந்த முடிவு கிடையாது. புதுசு. அங்க போனப்புறம் சேத்திருக்காரு. அதனாலதான் உசுரோட இருக்காருன்னு எனக்குச் சந்தேகமே இல்ல, செத்தவரு கதைக்கு முடிவு சேக்க முடியாதுல்ல? உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிறேன். அப்பத்தான் உள்ள வாய் வரும்.

அந்தப் பொண்ணு இருக்கால்ல, அவ இன்னும் அந்த அடுப்படி வாசல்லதான் உக்காந்திருக்காளாம். அதே மாதிரி, ரெண்டு கையும் மடியில. ஏன்னா, மெழுகுவத்தி அணைஞ்சு போச்சும்மா, எந்திரின்னு அவகிட்ட இன்னும் யாரும் சொல்லலையாம்.

அதுதான் முடிவு. சந்தை மொத்தமும் சிரிச்சுது. நானும் சிரிச்சேங்கா, பொய் சொல்ல மாட்டேன். நல்லாத்தான இருக்கு? நான் உக்காந்திருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. எப்ப யோசிச்சிருப்பாரு அத? என்ன நெனைச்சுக்கிட்டா, இல்ல கதைக்கு ஒரு முடிவு வேணுமேன்னு சும்மாவா? அது ஒண்ணுதான் எனக்கு...

ம்? என்னையா? உள்ள கூப்பிடுறாங்களா? வந்துட்டேன் பெரியப்பா, இந்தா வந்துட்டேன். கையத் தொடச்சுக்கிறேன்னு சொல்லுங்க.

அக்கா, நீங்களும் கூட வாங்க. உள்ள வர வேணாம், கதவுகிட்ட நின்னாப் போதும், உங்க முகம் எனக்குத் தெரியுற மாதிரி. அவங்க எல்லாரும் சிரிச்சாலும் பரவாயில்ல, அந்த முடிவு வர்ற எடத்துல நீங்க மட்டும் சிரிச்சிராம...